வெர்னா டர்போ: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ கார்தான் என்று முடிவாகிவிட்டது. 6 ஸ்பீடு மேனுவலா, 7 ஸ்பீடு டிசிடி (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக்கா என்பதில்தான் ஒரு மாதமாகத் தடுமாறுகிறீர்கள். வீடு மேடவாக்கம், அலுவலகம் சிறுசேரி. வாரத்தில் மூன்று நாள் போக வேண்டும். மாதம் ஒருமுறையாவது ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று கிளம்பிவிடுவீர்கள். மனைவியும் ஓட்டுவார், அவர் தன் அப்பாவின் பழைய வேகன்-ஆரில் பழகியவர். வண்டியைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் எண்ணம். மேனுவல்தான் ஓட்டுகிற சுகமே என்கிறார்கள் நண்பர்கள். கிளட்ச் மிதித்தே முழங்கால் போய்விடும் என்கிறார் அப்பா.

என் பதில்: மேனுவல் எடுங்கள். உங்கள் நண்பர்கள் சொல்கிற சுகம் அதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் அலுவலகம் போகிற ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) டிராபிக். எந்த நெரிசலுக்குப் பயந்து எல்லாரும் ஆட்டோமேட்டிக் தேடுகிறார்களோ, அந்த நெரிசல்தான் உங்கள் பட்டியலில் இருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கு ஒத்துக்கொள்ளாத இடம். கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் இது புரியும்.

முதலில் வேகத்தைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகமில்லை. கியர் மாற்றுவதில் மனிதக் கை தோற்றுப் பல வருஷம் ஆகிறது. 1989இல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் கார், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்தால் கியர் மாறும் ஏற்பாட்டோடு பிரேசில் பந்தயத்துக்கு வந்தது. சோதனை ஓட்டங்களில் அந்த கியர்பாக்ஸ் அடிக்கடி படுத்துக்கொண்டதால், பந்தயம் முடியும்வரை தாங்கும் என்று அணிக்குள்ளேயே யாருக்கும் நம்பிக்கை இல்லை. நைஜல் மான்செல் அதே காரில் அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். சில ஆண்டுகளுக்குள் மற்ற அணிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன. 2005இல் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் ஏறி, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனபோது, அந்தக் காரில் காலுக்குக் கிளட்ச் பெடலே கிடையாது. ஆகவே வேகமாகப் போவதற்கு மேனுவல் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் வேகம் மட்டுமே ஆசை என்றால் பின்வரும் கதை நடந்திருக்காது. 2013இல் வந்த போர்ஷே 911 ஜிடி3இல் மேனுவலையே எடுத்துவிட்டார்கள். பிடிகே என்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மட்டும்தான். வாங்குகிறவர்கள் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016இல் மேனுவலோடு மட்டும் 911 ஆர் வந்தது, மொத்தம் 991 கார்கள். 2017இல் ஜிடி3க்கும் மேனுவல் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த தலைமுறை ஜிடி3க்கு அந்த நிறுவனமே தருகிற கணக்கில் 0-100 கி.மீ. வேகத்தை பிடிகே 3.4 நொடியில் தொடுகிறது, மேனுவல் 3.9 நொடியில். அரை நொடி தாமதம் என்று தெரிந்தேதான் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். பந்தயத் தடத்தில் ஓட்டவென்றே செய்த காரை வாங்குகிறவர்களே இப்படி என்றால், கியர் கம்பியைப் பிடித்துத் தள்ளுவதில் கடிகாரம் அளக்காத ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு சாமான்களை நமக்கு விற்கிறார்கள். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்வதை மோட்டார் செய்கிறது. ஊருக்குள் ஓட்ட நல்லது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி ஒரு தலையாட்டு ஆட்டும். ஸ்போர்ட்டி காருக்கு அது பொருந்தாது. சிவிடி, அதாவது கியர் படிகளே இல்லாத வகை, மிக மென்மை, ஆனால் ஆக்சிலை (ஆக்சிலரேட்டரை) அழுத்தினால் எஞ்சின் முதலில் சத்தம் போடும், வண்டி அப்புறம் வந்து சேரும். இவை இரண்டையும் விட்டுவிடலாம். மிச்சம் இரண்டு, டார்க் கன்வர்ட்டரும் டிசிடியும்.

டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் வேலை செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுற்றவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதே கதைதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். வேகம் கூடியதும் உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு நேரடித் தொடர்பு தரும். ஊர்ந்து போகும்போது உரசித் தேய எதுவும் இல்லை, எண்ணெய் சூடாகும், அவ்வளவுதான். சோழிங்கநல்லூர் சிக்னலில் தினமும் நிற்கிறவருக்கு இதைவிடப் பொறுமையான கியர்பாக்ஸ் கிடையாது. இது மந்தம், ஸ்போர்ட்டி இல்லை என்ற பேச்சு பழைய காலத்துப் பேச்சு. 2018இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5இல் இரட்டை கிளட்ச்சைக் கைவிட்டு 8 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டருக்கு மாறினார்கள், கார் முன்னைவிட வேகமாகத்தான் ஆனது.

வெர்னா டர்போவில் வருவது டிசிடி. உள்ளே உண்மையில் இரண்டு கியர்பாக்ஸ்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. 1, 3, 5, 7 ஒரு தண்டில், அதற்கு ஒரு கிளட்ச். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொரு தண்டில், அதற்கு இன்னொரு கிளட்ச். நீங்கள் மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராகப் பொருந்தி நிற்கும். மாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு கிளட்ச் விடும், இன்னொன்று பிடிக்கும். இழுவை அறுபடுவதே இல்லை. நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு லாரியை முந்தும்போது இதன் அழகு தெரியும், கியர் மாறியதை முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சாமர்த்தியம் ஊகத்தில் நடக்கிறது. வேகம் ஏறும்போது மேல் கியரைத் தயார் செய்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் திடீரென்று ஆக்சிலை மிதித்து ஐந்திலிருந்து மூன்று கேட்டால், இரண்டும் ஒரே தண்டில் இருப்பதால் நேராகத் தாவ முடியாது. ஒரு கணம் யோசித்துத்தான் தரும். பழகிவிட்டால் பெரிய குறை இல்லை. மலையில் மட்டும் அந்தக் கணம் நீளமாகத் தெரியும்.

பெரிய விஷயம் கிளட்ச் எப்படிப்பட்டது என்பது. இரட்டை கிளட்ச்சில் எண்ணெயில் மூழ்கிய வகை உண்டு, உலர்ந்த வகை உண்டு. 2003இல் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஆர்32 காரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த 6 ஸ்பீடு டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்சுக்கு அந்த நிறுவனம் வைத்த பெயர்) எண்ணெய் வகை. எண்ணெய் சூட்டை எடுத்துப் போய்விடும். நம் ஊரில் இருபது லட்சத்துக்குள் கிடைக்கிற டர்போ கார்களில் வருபவை பெரும்பாலும் உலர்ந்த வகை. எடை குறைவு, மைலேஜ் நன்றாக வரும், ஆனால் சூட்டை ஆற்றக் காற்றைத் தவிர வழியில்லை. வெர்னாவின் 7 ஸ்பீடு டிசிடி இந்த ரகம். ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ கார்களின் 7 ஸ்பீடு டிஎஸ்ஜியும் அப்படியே. அந்த டிஎஸ்ஜி தாங்கக்கூடிய இழுவிசை (டார்க்) 250 நியூட்டன் மீட்டர், எஞ்சின் தருவதும் அதே 250. கையில் மிச்சம் வைக்காமல் கட்டியது.

இப்போது அந்த உலர்ந்த கிளட்ச்சை மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக, மெட்ரோ தூண் வேலைகளுக்கு நடுவே ஓஎம்ஆரில் நகர்த்திப் பாருங்கள். மணிக்கு ஐந்து கி.மீ. வேகத்தில் வண்டி ஊர வேண்டுமென்றால் கிளட்ச் முழுசாகப் பிடிக்க முடியாது. பிடித்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே பாதி பிடித்து, பாதி வழுக்கி, உரசிக்கொண்டே இருக்க வேண்டும். ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டாதே என்று டிரைவிங் ஸ்கூலில் நமக்குத் திட்டு விழுந்ததே, அதையே கார் நமக்காக ஒரு மணி நேரம் செய்கிறது. நமக்கு அது தெரிவதில்லை. கால் சும்மா இருக்கிறது, பாட்டு ஓடுகிறது.

நான் ஆறு வருஷம் ஓர் உலர்ந்த கிளட்ச் கார் வைத்திருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. கொல்லிமலைக்கு ஏறும்போது நடந்ததைச் சொல்கிறேன். காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறியிருப்போம், முன்னால் ஒரு கட்டை லாரி, எதிரே இறங்கி வருகிற பஸ். வளைவின் நடுவே ஏற்றத்தில் நின்றோம். பின்னால் உருளாமல் இருக்க பிரேக்குக்குப் பதில் ஆக்சிலை லேசாக மிதித்து வண்டியை அப்படியே நிறுத்திப் பிடித்தேன். இப்படி மூன்று, நான்கு வளைவுகளில். டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தவும் என்று எச்சரிக்கை வந்தது. பின்சீட்டில் அம்மா. இருபத்தைந்து நிமிஷம் மலையோரம் நின்றோம். மூன்றாம் வருஷம் முதல் கியரில் நடுக்கம் ஆரம்பித்தது, ஐந்தாம் வருஷம் கிளட்ச் செட் முழுதாக மாற்ற வேண்டி வந்தது. வாரன்டி முடிந்திருந்தது. கார் மோசம் என்று சொல்ல மாட்டேன். அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன்.

டிசிடியே எடுப்பதாக இருந்தாலும் இந்தப் பழக்கங்கள் இருந்தால் அது நீண்ட காலம் உழைக்கும். ஏற்றத்தில் ஒருபோதும் ஆக்சிலால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கை முழுசாக அழுத்துங்கள். பிரேக் முழுசாக அழுந்தினால்தான் கிளட்ச் விட்டுவிடும். அரைகுறையாக அழுத்தினால் உள்ளே உரசல் தொடரும். நெரிசலில் முன் வண்டி ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகராதீர்கள். இரண்டு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரே மூச்சில் போய் நில்லுங்கள். சென்னையில் அந்த இடத்துக்குள் இரண்டு பைக் புகுந்துவிடும், பரவாயில்லை, புகுந்துகொள்ளட்டும். நீண்ட சிக்னலில் நியூட்ரல் போட்டுக் கைப்பிரேக் இழுத்துவிடுங்கள். சென்சார், கிளட்ச் அளவீடு போன்றவற்றுக்கு சர்வீஸ் சென்டர் மென்பொருள் மேம்படுத்தல் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

உலர்ந்த கிளட்ச் என்றாலே பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2013இல் தன் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி உள்ள சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுவதும் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நெரிசலில் ஊர்ந்தால், உள்ளிருந்த செயற்கை எண்ணெய் மின்கோளாறுக்கு வழி செய்யலாம் என்று கண்டுபிடித்து வேறு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் பாடம் கற்றிருக்கின்றன, இன்றைய டிசிடி பத்து வருஷத்துக்கு முந்தையதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தச் செய்தியில் இருந்த வெப்பம், ஈரப்பதம், நெரிசல் மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் சென்னை. இயற்பியல் மாறவில்லை. உரசினால் சூடு, சூட்டில் தேய்மானம்.

இந்த இடத்தில்தான் உங்கள் பத்து வருஷக் கணக்கு முக்கியமாகிறது. வண்டியை நான்கு, ஐந்து வருஷத்தில், நீட்டித்த வாரன்டி முடிவதற்குள் விற்றுவிடுகிறவருக்கு டிசிடி நல்ல தேர்வு. அதன் சுகத்தை அவர் அனுபவிக்கலாம், முதுமையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். பத்து வருஷம் வைத்திருப்பவர் அந்த முதுமையோடும் சேர்ந்தே குடும்பம் நடத்த வேண்டும். மேனுவல் கிளட்ச் தேய்ந்தால் செலவு சில பத்தாயிரங்களில் நின்றுவிடும், சேலத்திலோ பொள்ளாச்சியிலோ ஒரு நல்ல மெக்கானிக் ஒரே நாளில் இறக்கி ஏற்றிவிடுவார். இரட்டை கிளட்ச்சும் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியும் சேர்ந்து போனால் பில் லட்சங்களில் வரும், அதற்கான கருவியும் கம்ப்யூட்டரும் உள்ள இடத்துக்குத்தான் போகவும் வேண்டும். வாங்கும்போதே டிசிடிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைலேஜில் அது திரும்ப வரும் என்று ஷோரூமில் சொன்னால், 2023இல் இந்த வெர்னா வந்தபோது நிறுவனம் அறிவித்த கணக்கைக் கேளுங்கள்: மேனுவலுக்கு லிட்டருக்கு 20 கி.மீ., டிசிடிக்கு 20.6. அந்த வித்தியாசத்தில் ஒரு லட்சத்தை மீட்கப் பத்து வருஷம் போதாது.

இனி மலைக்கு வருகிறேன், ஏனென்றால் டர்போ கார் வாங்குவதே அதற்காகத்தானே. வெர்னா டர்போவின் இழுவிசை 253 நியூட்டன் மீட்டர், 1,500 முதல் 3,500 ஆர்பிஎம் வரை. அந்த 1,500க்குக் கீழே டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி, தூங்கிக்கொண்டிருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் விழும், மூன்றாம் கியரிலேயே திரும்பினால் ஆர்பிஎம் அந்தக் கோட்டுக்குக் கீழே போய் வண்டி திணறும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டு விழுந்திருக்க வேண்டும். மேனுவலில் அது உங்கள் கையில். வளைவைக் கண் பார்க்கிறது, கை இரண்டைப் போடுகிறது, திரும்பி முடிந்து ஆக்சிலை மிதிக்கும்போது டர்போ விழித்துக் காத்திருக்கிறது. டிசிடியை சாதாரண டிரைவ் மோடில் விட்டால் அதற்கு வளைவு தெரியாது. நீங்கள் மிதித்த பிறகுதான் ஏற்றம் என்று புரிந்து கீழிறங்கும். ஸ்போர்ட் மோடில் போட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை (பேடில்) விரலால் இழுத்து ஓட்டினால் இந்தக் குறை பெரும்பாலும் போய்விடும், அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் டிசிடி வாங்கிய நண்பர்கள் பலர் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு துடுப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இறக்கத்தில் இரண்டுக்கும் ஒரே விதி: ஏறிய கியரிலேயே இறங்கு. பிரேக் சூடாகிப் பிடிப்பு குறைவதற்கு முன் எஞ்சின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மேனுவலில் இரண்டில் போட்டால் இரண்டிலேயே இருக்கும். டிசிடியில் மேனுவல் மோடுக்கு மாற்றி இறங்குங்கள், டிரைவில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது, எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும் சரி.

அந்த அரை நொடி மெதுவான போர்ஷேக்காரர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை இப்போது சொல்ல முடியும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரம் இன்னொரு வேகத்தில் எஞ்சினைச் சுற்றச் சொல்கிறது. கிளட்ச்சை அப்படியே விட்டால் இரண்டும் மோதி வண்டி குலுங்கும். கிளட்ச் மிதியில் இருக்கும்போதே ஆக்சிலை ஒரு தட்டு தட்டி, எஞ்சினை அந்த வேகத்துக்கு உயர்த்தி, பிறகு விட்டால், கியர் மாறியதே தெரியாமல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். பிரேக் பிடித்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டுமென்றால் வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில், அதன் ஓரமோ குதிகாலோ ஆக்சிலில். ஹீல் அண்ட் டோ என்பது இதுதான். எனக்கு இது கைகூட ஒரு வருஷம் ஆயிற்று. ஏற்காடு மலையின் 20 வளைவுகளில் ஒரு ஞாயிறு விடிகாலை, அத்தனை கியர் இறக்கங்களும் குலுக்கம் இல்லாமல் விழுந்தன. அந்தக் காலை நேரம் இன்னும் நினைவில் நிற்கிறது. மணிக்கு நாற்பது கி.மீ.க்கு மேல் போகவே இல்லை.

மேனுவலின் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது. நம் சாலைகளில் 160 பிஎஸ் (குதிரைத்திறன்) எஞ்சினை முழுசாகத் திறக்க இடமும் இல்லை, திறக்கவும் கூடாது. ஆனால் நாற்பதில் போகும்போதும் உங்களுக்குச் செய்ய ஒரு வேலை, கற்றுக்கொள்ள ஒரு பாடம், சரியாக அமைந்தால் ஒரு நிறைவு கிடைக்க வேண்டும். டிசிடியில் அந்த ஆக்சில் தட்டலைக் கம்ப்யூட்டரே செய்துவிடும், நம்மைவிடச் சரியாகவும் செய்யும். அதனால் அதன் மகிழ்ச்சி வேகம் கூடினால்தான் கிடைக்கிறது. நடுத்தர சக்தியுள்ள காரில், இந்திய சாலையில், சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டுபவருக்கு மேனுவல்தான் அதிகம் தருகிறது என்று முழு மனசோடு நம்புகிறேன்.

பந்தயத் தடம் வேறு கதை. வெர்னா தயாராகும் அதே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது, தெரிந்திருக்கும். அங்கே ஒரு நண்பரின் இரட்டை கிளட்ச் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருப்பதால், எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது என்பதிலேயே அவரால் முழுக் கவனமும் வைக்க முடிந்தது. தடத்தில் நேரம் குறைக்கும் ஆசை வந்தால் ஆட்டோமேட்டிக்தான் சரியான கருவி. உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தென்படவில்லை, மலையும் அலுவலகமும்தான்.

அப்பா சொன்ன முழங்கால் விஷயத்தை ஒதுக்க மாட்டேன். வலி நிஜம். ஆனால் இன்றைய பெட்ரோல் கார்களின் கிளட்ச் பழைய டீசல் வண்டிகள்போல் பாறையாக இருப்பதில்லை, சீட்டைச் சரியாக வைத்தால் பாதி வேலை குறைந்துவிடும். கிளட்ச்சை அடிவரை மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டி எட்டி மிதிக்கிறவருக்குத்தான் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்று, சிக்னலில் முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருப்பது. நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள், காலுக்கும் நல்லது, கிளட்ச் பேரிங்குக்கும் நல்லது. வாரம் மூன்று நாள் என்பதால்தான் துணிந்து மேனுவல் என்கிறேன். ஆறு நாளும், போக வர மூன்று மணி நேரமும் என்றால் என் பதில் மாறியிருக்கும்.

எப்படி மாறியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினசரி நெரிசல்தான் வாழ்க்கை, இருந்தும் கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டும் என்பவருக்கு வெர்னா டிசிடியை நான் முதலில் சொல்ல மாட்டேன். டார்க் கன்வர்ட்டர் உள்ள டர்போ காரைப் பார்க்கச் சொல்வேன். வெர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் அப்படிப்பட்டது, எஞ்சின் 115 பிஎஸ்தான். மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவின் 130 பிஎஸ் டர்போவும் டார்க் கன்வர்ட்டரோடு வருகிறது. மாருதி ஃப்ராங்க்ஸ் டர்போவில் துடுப்புகள்கூட உண்டு. காகிதத்தில் வெர்னாவைவிட சக்தி குறைவு, ஆனால் ஓஎம்ஆரில் அந்தக் காகிதத்துக்கு வேலை இல்லை. இடது காலில் ஏற்கெனவே தொல்லை உள்ளவர், மேனுவலில் ஏறினாலே பதற்றப்படும் மனைவியோ பெற்றோரோ வீட்டில் உள்ளவர், இவர்களும் யோசிக்காமல் ஆட்டோமேட்டிக் எடுக்கலாம். வீட்டில் ஒருவர் ஓட்டத் தயங்குகிற கார் அந்த வீட்டுக்கான கார் ஆகாது. உங்கள் மனைவி வேகன்-ஆரில் பழகியவர் என்றதும்தான் எனக்கு அந்தக் கவலை போயிற்று. ஆனாலும் அவரிடம் நேராகக் கேளுங்கள்: அவர் ஓட்டுவதே பெரும்பாலும் நெரிசலில்தான் என்றால், அவர் சொல்வதற்கு உங்கள் மலைப் பயணங்களைவிட எடை அதிகம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஷோரூம்காரர்கள் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, காலியான சாலையில் பத்து நிமிஷம் ஓட்டக் கொடுப்பார்கள். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வார நாளில் மாலை ஆறரைக்கு மேனுவலைக் கேளுங்கள், இருவரும் போங்கள், மேடவாக்கம் கூட்ரோடு நெரிசலில் முதலில் அவர் ஓட்டட்டும். அரை மணி நேரம் கழித்து அவருடைய இடது கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த நாள் அதே நேரம், அதே சாலையில் டிசிடி. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மெதுவாகப் போகும்போது நடுக்கம் இருக்கிறதா, ரிவர்ஸில் ஒரு சரிவில் ஏற்றினால் தயங்குகிறதா, முப்பதில் போகும்போது சட்டென்று மிதித்தால் எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்று பாருங்கள். பாலங்களில் ஏறும்போது நிறுத்தி எடுங்கள், மேல் வேரியண்டுகளில் வரும் ஹில் அசிஸ்ட் (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி) எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது இரண்டு வண்டியிலும் தெரிந்துவிடும். அந்த இரண்டு மாலைகளுக்குப் பிறகு அவர் டிசிடி என்றால் நீங்களும் டிசிடி என்று சொல்லிவிடுங்கள், நீட்டித்த வாரன்டியைக் கையோடு வாங்கிவிடுங்கள். எதுவாக இருந்தாலும் சரி என்றால் மேனுவலுக்கு எழுதிக் கொடுங்கள். மிச்சமாகும் ஒரு லட்சத்தில் முதல் முப்பதாயிரம் கி.மீ. முடிந்ததும் நான்கு நல்ல டயர் போட்டுக்கொள்ளலாம், மலையில் கியர்பாக்ஸைவிட அதுதான் முதலில் காப்பாற்றும்.